வெறும் காகிதமாம்!

ஞாயிற்றுக்கிழமை வாசகசாலையில் நடந்ததை வந்தவர்கள் பார்த்தீர்கள். வராதவர்களுக்கு இதற்குள் வாட்ஸ்அப்பில் வந்திருக்கும். நாடற்ற அகதிகளுக்குப் பாஸ்போர்ட் கொண்டுவந்த நார்வேக்காரர் நான்சனைப் பற்றி நான் பேசி முடித்ததும் அண்ணன் எழுந்து கேட்டாரே, "அகதிக்குச் சோறா போட்டார் அந்தக் கோட்டுப் போட்ட தூதர்? காகிதம்தானே அச்சடித்துக் கொடுத்தார்?" என்று. கை தட்டினார்கள். நம்மாட்களே தட்டினார்கள். அதுதான் மூன்று நாளாகத் தூங்கவிடவில்லை.

சோறும் போட்டார், அண்ணே. 1921-இல் ரஷ்யாவில் வோல்கா ஆற்றுப் பக்கம் பஞ்சம். ஐ.நா.வுக்கு முன்னோடியான சர்வதேச சங்கத்தில் கெஞ்சினார். அரசாங்கங்கள் கைவிரித்தன, அங்கே ஆண்ட போல்ஷெவிக்குகளின் ஆள் என்று ஏசின. அவர் நேரில் போய்ப் படம் எடுத்துவந்து ஊர் ஊராகக் காட்டிப் பணம் திரட்டினார். அதே காலத்தில்தான் முதல் உலகப் போரின் கைதிகள் 4 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களை வீடு சேர்த்தது. 1922-இல் வந்த நோபல் பணமும் நிவாரணத்துக்கே போனது. இதெல்லாம் மைக்கில் சொன்னேன். அண்ணன் அப்போது டீ குடிக்கப் போயிருந்தார் போல.

ஆனால் நான் சோற்றுக்காக வாதாட வரவில்லை. காகிதத்துக்காகத்தான். 1921 டிசம்பரில் வெளியே போன ரஷ்யர்களின் குடியுரிமையை ஒரே உத்தரவில் சோவியத் அரசு பறித்தது. லட்சக்கணக்கான பேர் எந்த நாட்டுக்காரரும் இல்லை. அடுத்த ஜூலையில் ஜெனீவாவில் நாடுகளைச் சம்மதிக்க வைத்து நான்சன் கொண்டுவந்ததுதான் அந்தப் பாஸ்போர்ட். பின்னால் 50-க்கும் மேற்பட்ட நாடுகள் ஏற்றன. அது குடியுரிமை இல்லை, தெரியும். 'இவன் இன்னார்' என்று ஒரு தாள் சொன்னது. அவ்வளவுதான். அவ்வளவு போதாதா?

எங்கள் தாத்தாவைக் கேட்டிருக்க வேண்டும். பிறந்தது சிலோன் தேயிலைத் தோட்டத்து லயத்தில், கூலிகளின் வரிசை வீட்டில். 1948-இல் சிலோன் கொண்டுவந்த குடியுரிமைச் சட்டத்தோடு அவர் எந்த நாட்டுக்காரரும் இல்லை. அங்கே 'கள்ளத்தோணி'. கப்பலேறி ராமேஸ்வரம் வந்தால் 'சிலோன்காரன்'. ஆரியங்காவு தாண்டிக் கேரளத்துக் குளத்துப்புழை வந்தால் 'பாண்டி'. திரும்பி வந்தவர்களுக்காக 1976-இல் ஆரம்பித்த புனலூர் ரப்பர்த் தோட்டத்தில் அவருக்குப் பால்வெட்டு வேலை கிடைத்ததே ஒரு குடும்ப அட்டையைக் காட்டித்தான். வெறும் காகிதம்! என் சாதிச் சான்றிதழுக்காக ஒரு அலுவலகத்துக்கு அப்பா பதினோரு தடவை நடந்தார். ஒவ்வொரு தடவையும் வேறொரு காகிதம் கேட்டார்கள். ஞாயிறு கை தட்டியவர்களில் இரண்டு பேர் அந்த வரிசையில் அப்பாவுக்குப் பின்னால் நின்றவர்கள். பெயர் சொல்லமாட்டேன்.

"துருவத்தை நோக்கிப் பனிச்சறுக்கிப் போனவர், 1906-இலேயே லண்டனில் நார்வேயின் தூதர், பெரிய இடத்து ஆள், அவருக்கென்ன" என்பீர்கள். பெரிய இடத்து ஆள் என்பதால்தான் கதவைத் திறந்தார்கள். திறந்ததும் உள்ளே போய் உட்கார்ந்துவிடவில்லையே.

இன்னொரு கேள்வியை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நான் திணறியிருப்பேன். 1923-இல் கிரேக்கமும் துருக்கியும் மதத்தைப் பார்த்து மக்களை மாற்றிக்கொண்டபோது அந்த யோசனைக்குப் பின்னால் இவரும் இருந்தார். பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள். துருக்கி மட்டுமே பேசத் தெரிந்த கிறிஸ்தவர்களையும் கிரேக்கத்துக்கு அனுப்பினார்கள். போர் முடிந்த கையோடு உயிரைக் காப்பாற்ற வேறு வழி இல்லை என்பார்கள். இருக்கலாம். ஆனால் 1964-இல் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் சிலோன் பிரதமர் சிறிமாவோவும் தோட்டத்து மக்களை உனக்கு 5,25,000, எனக்கு 3,00,000, மீதி 1,50,000 பிறகு பார்க்கலாம் என்று பிரித்தார்களே, அந்த 5,25,000-இல் ஒன்று எங்கள் தாத்தா. அவரை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. எனவே நான்சன் தெய்வம் என்று நான் சொல்லவில்லை. சொன்னதாக வாட்ஸ்அப்பில் போட்டவர் தயவுசெய்து அழித்துவிடவும்.

அந்தக் குடும்ப அட்டை இன்னும் அப்பாயியின் டிரங்குப் பெட்டியில், சேலைக்கு அடியில் இருக்கிறது. அடுத்த கூட்டத்துக்குக் கொண்டுபோய் அண்ணனிடம் காட்டட்டுமா என்று நேற்று ராத்திரி அப்பாயியிடம் கேட்டேன்.

"ஜெராக்ஸ் எடுத்துக்கிட்டுப் போ. அதை வெளியே கொண்டுபோகாதே" என்றார்.