வொர்க்ஹவுஸுக்குள் போனால் ஆயுள் தண்டனையா?

'விக்டோரியா ராணி காலத்து இங்கிலாந்தில் வொர்க்ஹவுஸ் என்ற ஏழை விடுதிக்குள் ஒரு தடவை போனால் சாகும்வரை பூட்டி வைத்துவிடுவார்கள்' என்று ஒரு பதிவு சுற்றுகிறது. தவறு. 1834 ஏழைகள் சட்டத்துக்குப் பின் வந்த விதிப்படி, மூன்று மணி நேரம் முன்னால் சொல்லிவிட்டு வெளியேறலாம். ஆனால் குடும்பத் தலைவர் கிளம்பினால் மனைவி மக்களும் கூடவே கிளம்ப வேண்டும், விடுதிச் சீருடையோடு சொல்லாமல் ஓடினால் திருட்டு வழக்கு. அடிக்கடி வந்துபோனவர்களால் நிர்வாகத்துக்கே தலைவலி, அதனால்தான் 1871-இல் அந்த நேரத்தை நீட்டினார்கள். மனநோயாளிகளுக்கு மட்டும் இந்தச் சுதந்திரம் முழுசாக இருந்ததில்லை.

சரி, வருஷக்கணக்கில் உள்ளேயே கிடந்தவர்கள் இல்லையா? இருந்தார்கள். ஐந்து வருஷமோ அதற்கு மேலோ தொடர்ந்து தங்கிய வயதுவந்தவர்களை, பெயர், காரணம் சகிதம் 1861-இல் நாடாளுமன்றத்துக்காகப் பட்டியலே போட்டார்கள். ஏறத்தாழ 14,000 பேர், உள்ளே இருந்த வயதுவந்தவர்களில் சுமார் ஐந்தில் ஒருவர். காரணம் என்ற இடத்தில் பெரும்பாலும் முதுமை, உடல் தளர்ச்சி, மனநோய். பூட்டு அல்ல, வெளியே போனால் சோறு போட ஆளில்லை என்பதுதான் அவர்களைப் பிடித்து வைத்தது. முதியோர் பென்ஷன் கைக்கு வந்ததே 1909-இல், அதுவும் 70 வயதானவர்களுக்கு.