72 இலட்சம் என்று எழுதித் தந்தது யாருடைய கை?

நேற்றிலிருந்து அந்தப் படத்தை எனக்கு அனுப்பிக்கொண்டிருப்பவர்கள் தயவுசெய்து நிறுத்துங்கள். பார்த்துவிட்டேன். மாமாங்கம் கோயிலடியில் மாலை போட்டு, நாலு சில்லுக்கும் தேசிக்காய் வைத்து நிற்கிற அந்த வெள்ளை வேகன் ஆர் கார் எது என்று உங்களை விட எனக்கு நன்றாகத் தெரியும். அதன் செசி நம்பரே எனக்குப் பாடம். ஜப்பானில் ஏலத்தில் எடுத்த தாளையும் கப்பலில் ஏற்றுவதற்கு முன் எடுத்த படத்தையும் வட்சப்பில் அனுப்பி, "சேர், உங்கட வாகனம் வெளிக்கிட்டுட்டு" என்று சொன்னவர்கள் அதை விற்ற கடைக்காரர்களேதான்.

போன பதிவை வாசித்தவர்களுக்குக் கதை தெரியும், முழுதாகத் திருப்பி எழுத எனக்குத் தெம்பு இல்லை. சுருக்கம் இதுதான்: 72 இலட்சத்துக்கு நான் புக் பண்ணி அட்வான்ஸ் கட்டிய காருக்கு, அது வந்து இறங்கிய பிறகு கடைக்காரர்கள் மேலே ஆறரை இலட்சம் கேட்டார்கள், நான் கொடுக்கவில்லை, கொடுத்த இன்னொருவருக்கு விற்றுவிட்டார்கள், அவர்தான் மாலை போட்டுப் படம் போட்டிருக்கிறார். கடையின் பெயரைக் கேட்டு இன்பொக்ஸ் நிரம்பி வழிகிறது. போட மாட்டேன். போட்டால் அந்தக் கடையை மட்டும் விட்டுவிட்டுப் பக்கத்துக் கடைக்குப் போய் இதே கூத்துக்குள் மாட்டிக்கொண்டு வருவீர்கள். கல்முனையிலும் இதே கதை, மட்டக்களப்பிலும் இதே கதை, அம்பாறை டவுனிலும் இதே கதை என்று கொமெண்டில் எழுதியவர்கள் நீங்கள்தானே.

நான் சொல்வது ஒன்றே ஒன்று. விலை ஏறக் கூடாது என்று நான் சொல்லவில்லை. லாபம் எடுக்காதே என்றும் சொல்லவில்லை. 72 இலட்சம் என்று நீ எழுதி, நீ கையெழுத்து வைத்து, நீ சீல் குத்தி, அதை நம்பி என்னிடம் 15 இலட்சம் அட்வான்ஸ் வாங்கினாய் என்றால் அந்த வாகனத்தின் விலை 72 இலட்சம். அவ்வளவுதான். வாகனம் துறைமுகத்தில் இறங்கிய பிறகு "தம்பி, ஆறரை கூட வரும்" என்று போன் எடுப்பதற்கு வியாபாரம் என்று பெயர் வைக்காதீர்கள்.

ஆமாம், "தம்பி". புக்கிங் போட்ட அன்று நான் சேர். கதிரையை இழுத்துப் போட்டு, ஏசியைக் கூட்டி, நெஸ்கஃபே வரவழைத்து, "சேர் யோசிக்கவே வேணாம்" என்றார்கள். காசு கைமாறிய பிறகு தம்பி ஆகிவிட்டேன். அந்த போனில் சொன்ன வசனத்தை அப்படியே எழுதுகிறேன்: "அந்த ஆறரை பில்லில வராது தம்பி, கையில தந்தாச் சரி. ஏலாட்டி அட்வான்ஸத் திருப்பி எடுங்க, பின்னால ஆள் நிக்குது. ரெண்டு நாளைக்குள்ள சொல்லிருங்க."

பில்லில் வராது என்பதைக் கொஞ்சம் கவனியுங்கள், ஏனென்றால் முழு வித்தையும் அதற்குள்தான் இருக்கிறது. பில் பழைய விலைக்கே வரும். வற் வரி 18 வீதமும் அந்த விலையோடு நின்றுவிடும். மேலே வாங்கும் ஆறரை இலட்சத்துக்கு வரியும் இல்லை, சாட்சியும் இல்லை. லீசிங்காரன் பில்லைப் பார்த்துத்தான் காசு தருவான், அதிலும் இவ்வளவுதான் கடன் கொடுக்கலாம் என்று மத்திய வங்கி உச்சவரம்பு போட்டிருக்கிறது, ஆகவே இந்த ஆறரையையும் நான் தாலிக்கொடியை அடகு வைத்தாவது ரொக்கமாகக் கொண்டு போக வேண்டும். நாளைக்கு நான் எங்கே போய் முறையிட்டாலும் அவர்கள் பில்லை எடுத்துக் காட்டுவார்கள்: "பாருங்க, சொன்ன விலைக்குத்தானே குடுத்திருக்கம்." கேட்டீர்களா? சொன்ன விலைக்குத்தான் கொடுத்தார்களாம். இதை யோசித்துக் கண்டுபிடித்தவனுக்கு ஒரு சால்வை போர்த்தலாம்.

சரி, இனி போன பதிவின் கொமெண்டில் எனக்குப் புத்தி சொல்ல வந்த பெரியவர்களுக்கு வருகிறேன்.

டொலர் ஏறிவிட்டதாம். நானும் பத்திரிகை வாசிக்கிறவன்தான். நான் புக் பண்ணிய நேரம் ஒரு டொலர் 300 ரூபாயைச் சுற்றி நின்றது. நான் புக் பண்ணிய நாளுக்கும் வாகனம் வந்த நாளுக்கும் இடையில் 10 ரூபாய் ஏறியது என்றே உங்களுக்காக வைத்துக்கொள்கிறேன். 300க்கு 10 என்றால் நூற்றுக்கு மூன்றரை கூட வராது. அதை 72 இலட்சம் முழுவதற்கும் போட்டுப் பார்த்தாலும் இரண்டரை இலட்சம் தேறாது. முழுவதற்கும் போடவும் முடியாது, ஏனென்றால் பெரிய பங்காக வருகிற எக்சைஸ் வரி இஞ்சின் கொள்ளளவைப் பார்த்து ரூபாயில் போடுகிற வரி, டொலர் தும்மினால் அது இருமாது. மிச்சம் நாலு இலட்சம் எந்த நாட்டு நாணயத்தில் ஏறியது? யென்னிலா? அப்படியென்றால் இறக்குமதிக்கு வங்கியில் எல்.சி. என்ற கடன் கடிதம் திறந்த தாளையும் சுங்கத்தில் கட்டிய வரித் தாளையும் மேசையில் வை, இரண்டு பேரும் இருந்து கணக்குப் பார்ப்போம், நியாயமாக வருகிற வித்தியாசத்தை நானே தருகிறேன். இதை நான் அந்தக் கடையிலும் சொன்னேன். "அதெல்லாம் கொழும்பு ஒஃபிசில தம்பி" என்றார்கள். காசு வாங்க மட்டும் மட்டக்களப்பு ஒஃபிஸ் போதும்.

இன்னொரு விசயம். டொலர் குறைந்தால் எனக்குப் போன் எடுத்து "தம்பி, ஒரு இலட்சம் மிச்சம் வந்திருக்கு, வந்து எடுத்துட்டுப் போங்க" என்று சொல்வார்களா? சொன்ன ஒருவரையாவது உங்களுக்குத் தெரிந்தால் கொமெண்டில் போடுங்கள், நான் இந்தப் பதிவையே அழித்துவிடுகிறேன்.

சந்தை, கேள்வி, நிரம்பல் என்று வகுப்பெடுத்த தம்பிக்கு: புக் பண்ணாத வாகனத்தை ஒரு கோடிக்கு விற்றாலும் நான் கேட்க மாட்டேன். இது புக் பண்ணிய வாகனம். வேறு பதில் இல்லை.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். கொரோனா, பிறகு டொலர் இல்லை, பிறகு நாடே கடன் கட்ட முடியாமல் நின்றது. தனியார் வாகனத்துக்குத் திரும்பக் கதவு திறந்தது 2025 பெப்ரவரியில். கிட்டத்தட்ட ஐந்து வருசம் காய்ந்து கிடந்த சனம், பழைய வாகனத்தைப் புது விலைக்கு மேல் விற்றதையும் பார்த்த சனம், கதவு திறந்ததும் விழுந்தடித்துக்கொண்டு ஓடத்தான் செய்யும். அது தெரிந்துதானே அட்வான்ஸ் வாங்குகிறார்கள்? வந்த வாகனத்தைப் பதுக்கி வைக்க அவர்களுக்கும் ஏலாது. சுங்கத்தால் எடுத்து 90 நாளுக்குள் பதிவு செய்யாவிட்டால் மாதம் 3 வீதம் தண்டம் என்று வர்த்தமானியிலேயே இருக்கிறது. அவசரம் அவர்களுக்கும்தான். ஆனால் இரண்டு நாள் கெடு எனக்கு.

இனி அந்த ஒரு கொமெண்ட். எழுதியவர் என்னோடு படித்தவர், அதனால் பெயர் சொல்லவில்லை. "சனம் சோத்துக்கு வழியில்லாமல் இருக்கு, உனக்குக் கார் கிடைக்காததுதான் பெரிய துக்கமா?" அதற்கு நாற்பது பேர் லைக். அதில் என் சொந்தக்காரரும் இருக்கிறார்கள், பார்த்தேன், நன்றி.

துக்கம்தான். என் மனைவி படிப்பிக்கிற பள்ளிக்கூடம் வாவிக்கு அங்கால், படுவான்கரையில். ஸ்கூட்டியில் வலையிறவுப் பாலத்தைத் தாண்டிப் போக வேண்டும். மார்கழி மாதத்துக் காற்றில் அந்தப் பாலத்தில் ஒருமுறை போய்ப் பாருங்கள், ஸ்கூட்டி தன்பாட்டுக்கு ஓரத்துக்குப் போகும். அங்கால் இறங்கினால் வெள்ளம் ரோட்டுக்கு மேலே ஓடும், எது ரோடு எது வயல் என்று மின்கம்பத்தைப் பார்த்துத்தான் பிடிக்க வேண்டும். மழைக் கோட்டுக்குள் பொலித்தீன் பை, பைக்குள் சாரி, அதற்குள் பிள்ளைகளின் திருத்திய கொப்பிகள். பள்ளிக்கூடத்தில் போய்ச் சாரி மாற்றுகிறவள் அவள். போன மழைக்கு ஒருநாள் கொப்பி முழுக்க நனைந்து வந்து, வீட்டு விறாந்தையில் ஃபேனைப் போட்டு ஒவ்வொன்றாக விரித்து வைத்துக்கொண்டிருந்தாள். அதைப் பார்த்துத்தான் கார் என்ற கதையே வீட்டில் வந்தது. சேர்த்த காசு, சீட்டு எடுத்த காசு, அவளுடைய சம்பளக் கடன், எல்லாம் சேர்ந்துதான் அந்த 15 இலட்சம். இது ஆடம்பரம் என்றால் ஆடம்பரம்தான், வைத்துக்கொள்ளுங்கள். ஆடம்பரத்துக்கு ஆசைப்பட்டவனிடம் வாக்குத் தவறலாம் என்று எங்கே எழுதியிருக்கிறது?

எங்கள் அப்பா வயல் செய்கிறவர். இரசாயன உரத்தை அரசு நிறுத்திய அந்த 2021 பெரும்போகத்துக்கு, களை பிடுங்கும் செலவுக்குக் கையில் காசு இல்லாமல் ஒரு நெல் வியாபாரியிடம் முன்பணம் வாங்கினார், அறுவடைக்கு இன்ன விலைக்குத் தருவேன் என்று பேசி. தாள் இல்லை, சாட்சி இல்லை, வயல் வட்டையில் நின்று பேசிய பேச்சு. வெட்டும்போது பார்த்தால் விளைச்சல் பாதிக்குக் கிட்டப் போய்விட்டது, நெல் விலையோ எகிறிவிட்டது. பக்கத்து வயல்காரர் எல்லாரும் "முன்பணத்தைத் திருப்பிக் குடுத்துட்டு வெளியில வில்லுங்க" என்றார்கள். அப்பா பேசிய விலைக்கே ஏற்றிவிட்டார். அம்மா இன்றைக்கும் கறி வெட்டும்போது அந்தக் கணக்கைச் சொல்லித் திட்டுவார், அப்பா வெற்றிலையை மடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருப்பார். நெல் ஒரு அவணத்துக்கு எவ்வளவு நட்டம் என்று எனக்கும் பாடம். அந்த வியாபாரி மட்டும் அன்றைக்கு "சந்தை விலை ஏறிட்டு, கூடத் தாறன்" என்று சொன்னாரா என்றால், அதுவும் இல்லை. ஏழையின் நெல்லுக்குப் பேசிய பேச்சு பேச்சு. ஷோரூம் காருக்குப் பேசிய பேச்சு கொழும்பு ஒஃபிசில்.

நீயே நேரடியாக இறக்கியிருக்கலாமே என்றார் ஒருவர், கொழும்பில் இருந்துகொண்டு. இறக்கலாம் அண்ணன். எல்.சி. திறக்கவும், ஏலத் தாளில் அடிபட்ட இடத்தைக் கண்டுபிடிக்கவும், சுங்கத்தில் நிற்கவும், துறைமுகத்திலிருந்து ஆள் பிடித்து மொனராகலைப் பக்கத்தால் ஓட்டி வரவும் எனக்குத் தெரிந்திருந்தால் நான் ஏன் அவர்களுக்கு லாபம் கொடுக்கிறேன்? அந்த வேலைக்குத்தானே அந்த 72க்குள் அவர்களுடைய பங்கு இருக்கிறது.

1977 என்ற நுகர்வோர் முறைப்பாட்டு நம்பருக்குப் போன் அடி என்றவர்களுக்கு நன்றி. நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு 2003இன் 9ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது, பொய் சொல்லி விற்கக் கூடாது என்று அதில் இருக்கிறது, வாசித்தேன். அங்கே முதலில் கேட்கப்போவது தாள். என்னிடம் 72 என்று எழுதிய துண்டு இருக்கிறது. ஆறரைக்குத் தாள் எங்கே? அதனால்தானே அது வாயால் மட்டும் வந்தது. போன் கதையைப் பதிவு செய்யவில்லையா என்று கேட்காதீர்கள், சேர் என்று கூப்பிட்ட ஆட்களைச் சந்தேகப்பட்டுப் பதிவு செய்கிற பழக்கம் எங்கள் வீட்டில் இல்லை.

இனி, அந்த மாலைக்காரர். அவர்மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. உண்மையாகத்தான் சொல்கிறேன். ஆறரை கேட்டதும் ஒரு வார்த்தை பேசாமல் எண்ணி வைத்திருக்கிறார், காசு கனடாவிலிருந்தோ சுவிசிலிருந்தோ வந்திருக்கும், அது அவருடைய வசதி. ஆனால் "கடின உழைப்பின் பலன்" என்று படத்துக்கு மேலே எழுதியிருக்கிறார் பாருங்கள், அதை மட்டும் என்னால் செமிக்க முடியவில்லை. யாருடைய உழைப்பு? இப்படி எண்ணி வைக்கிறவர்கள் இருக்கும் மட்டும் எழுதிய விலைக்கு ஒரு மதிப்பும் இருக்காது. இன்றைக்குக் காருக்கு, நாளைக்கு ஓட்டோவுக்கு, மறுநாள் வயலுக்கு எடுக்கிற உழவு இயந்திரத்துக்கும் இதேதான். அந்தத் துண்டைக் கிழித்துப் போட்டுவிட்டு ஆளுக்காள் ஏலம் கேட்போம், அது இதை விட நேர்மையாக இருக்கும்.

கலியாணம் பேசுகிற இடத்தில் மாப்பிள்ளைக்கு வீடு போதாது, காரும் வேண்டும் என்று கேட்கிற ஊராகிவிட்டது இது. அதுவும் ஒரு காரணம், அதை இன்னொரு நாள் எழுதுகிறேன், இன்றைக்கு எழுதினால் சொந்தக்காரர் மிச்சமிருக்கிற பேரும் அன்ஃபிரெண்ட் பண்ணிவிடுவார்கள்.

"விடு மச்சான், காரியம் முடிஞ்சிட்டு" என்று எழுத வருகிறவர்கள் எழுதாதீர்கள். முடியவில்லை. மட்டக்களப்பு, அம்பாறை இரண்டு மாவட்டத்திலும் புக்கிங் துண்டு ஒரு விலையும் வாங்கியது வேறு விலையுமாக வைத்திருக்கிறவர்கள் அந்தத் துண்டைப் படம் பிடித்து எனக்கு அனுப்புங்கள், பெயரை மறைத்துவிட்டு அனுப்பினாலும் பரவாயில்லை. தனியாளாகப் போனால் தம்பி, பத்துப் பேராகப் போனால் மறுபடி சேர் ஆகலாம்.

என் அட்வான்ஸ் இன்னும் வரவில்லை. செக்கில் கையெழுத்து வைக்கிறவர் கொழும்புக்குப் போயிருக்கிறாராம். ஆறரையைக் கையில் வாங்க மட்டும் ஆள் இங்கேயே இருந்தது.