சண்டர்லேண்ட் சரியுமா? நான் அப்படி நினைக்கவில்லை

இது 2025 நவம்பர் நடுவில் எழுதியது. இங்கிலாந்தின் முதல் பிரிவுக் கால்பந்துத் தொடரான பிரீமியர் லீக்கில் 11 ஆட்டங்கள் முடிந்து, நாடுகளுக்கிடையேயான போட்டிகளுக்காக லீக் நின்றிருக்கிறது. புள்ளிப் பட்டியலில் சண்டர்லேண்ட் நான்காவது இடத்தில் இருக்கிறது. 5 வெற்றி, 4 சமன், 2 தோல்வி, 19 புள்ளிகள். 2025 மே மாதம் வரை இரண்டாம் பிரிவில் ஆடிய அணி இது. அங்கேயும் லீட்ஸ், பர்ன்லி இரண்டுக்கும் 24 புள்ளிகள் பின்தங்கி நான்காவதாக முடித்தது. கடைசி ஐந்து லீக் ஆட்டங்களிலும் வரிசையாகத் தோற்றது. பிறகு, மூன்று முதல் ஆறாம் இடம் வரை முடித்த அணிகள் மேலே போகும் கடைசி இடத்துக்காக மோதும் பிளே ஆஃப் வழியாகத்தான் மேலே வந்தது.

இது எத்தனை நாளைக்கு என்று எல்லோரும் கேட்கிறார்கள். நான்காவது இடம் நிலைக்காது என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் "கிறிஸ்துமஸ் வரட்டும், பாருங்கள், தலைகுப்புற விழுவார்கள்" என்ற பேச்சை என்னால் ஏற்க முடியவில்லை. அடுத்த மே மாதம் இந்த அணி முதல் பத்து இடங்களுக்குள் இருக்கும் என்று நம்புகிறேன்.

சந்தேகப்படுபவர்களிடம் வலுவான சான்றுகள் இருக்கின்றன. கடந்த இரண்டு பருவங்களிலும் இரண்டாம் பிரிவிலிருந்து மேலே வந்த மூன்று அணிகளும் அப்படியே திரும்பிப் போயின. முதலில் லூடன், பர்ன்லி, ஷெஃபீல்ட் யுனைடெட். அடுத்து லெஸ்டர், இப்ஸ்விச், சவுத்தாம்ப்டன். இதைவிட அதிகம் சொல்லப்படும் உதாரணம் ஹல் சிட்டி. 2008-09ல் புதிதாக மேலே வந்து, முதல் 9 ஆட்டங்களில் 20 புள்ளிகள் எடுத்தார்கள். ஆர்சனலையும் டாட்டன்ஹாமையும் அவர்கள் மைதானத்திலேயே வென்றார்கள். அதே ஹல் 2009 பிறந்த பிறகு ஒரே ஒரு லீக் ஆட்டத்தில்தான் வென்றது. 35 புள்ளிகளுடன், நியூகாசிலைவிட ஒரே ஒரு புள்ளி கூடுதலாக வைத்துக் கீழே இறங்காமல் தப்பித்தது.

ஆனால் ஹல் வென்ற விதத்தையும் பார்க்க வேண்டும். ஆர்சனலுக்கு எதிராக ஹல் வீரர் ஜியோவானி தொலைவிலிருந்து அடித்த அந்த அபார கோல், டாட்டன்ஹாமுக்கு எதிராக அவரே அடித்த ஃப்ரீ கிக். ஒரு மனிதரின் வலது காலில் பிறந்த புள்ளிகள் அவை. அதே வாரங்களில் சொந்த மைதானத்தில் விகனிடம் 5-0 என்று தோற்றதும் இந்த ஹல்தான். இப்போதைய சண்டர்லேண்ட் 11 ஆட்டங்களில் வாங்கிய கோல்கள் மொத்தம் 10. எந்த ஆட்டத்திலும் இரண்டுக்கு மேல் வாங்கவில்லை. சொந்த மைதானத்தில் இன்னும் தோற்கவும் இல்லை.

என் நம்பிக்கைக்கு முக்கியமான காரணம் கடைசி நிமிட கோல்கள். அவற்றை அதிர்ஷ்டம் என்று ஒதுக்குகிறார்கள். வரிசையாகப் பாருங்கள். வெம்ப்ளியில் நடந்த பிளே ஆஃப் இறுதி ஆட்டத்தில் ஷெஃபீல்ட் யுனைடெட்டுக்கு எதிராக 95வது நிமிடத்தில் டாம் வாட்சன். ஆகஸ்டில் பிரென்ட்ஃபோர்டுக்கு எதிராக 96வது நிமிடத்தில் இசிடோர். அக்டோபரில் செல்சியின் மைதானத்தில் 93வது நிமிடத்தில் தால்பி. நவம்பர் 8 அன்று ஆர்சனலுக்கு எதிராக 94வது நிமிடத்தில் புரோபி. நான்கு பேருமே மாற்று வீரர்களாக இறங்கியவர்கள்! ஒரு முறை என்றால் அதிர்ஷ்டம் எனலாம். மீண்டும் மீண்டும் பெஞ்சிலிருந்து வந்தவர்களே ஆட்டத்தை மாற்றுகிறார்கள் என்றால், பயிற்சியாளர் ரெஜிஸ் லெ பிரி 70வது நிமிடத்துக்குப் பிறகு ஆட்டம் எப்படிப் போகும் என்று முன்கூட்டியே யோசித்து வைத்திருக்கிறார் என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன்.

செல்சிக்கு எதிரான அந்த கோலை மறுபடியும் ஒருமுறை பாருங்கள். கோலுக்கு முதுகைக் காட்டியபடி பந்தை வாங்கிய புரோபி, தன் முதுகில் தொங்கும் பின்கள வீரரை உடம்பாலேயே தடுத்து நிறுத்தி, ஓடி வரும் தால்பிக்காகக் காத்திருந்து பந்தைத் தள்ளி விடுகிறார். தொண்ணூறு நிமிடம் ஓடிக் களைத்த பின்களத்துக்கு எதிராக, கால் களைக்காத ஒரு பலசாலியை இறக்குவது என்பது திட்டம். ஆர்சனல் ஆட்டத்தில் எதிரணி நீண்ட தூரம் பந்தை எறியும் த்ரோக்களுக்கு ஓடிவர இடம் தரக் கூடாது என்று மைதான ஓரத்து விளம்பரப் பலகைகளைக்கூட முன்னே நகர்த்தி வைத்திருந்தார்கள். அந்த அளவுக்கு யோசிக்கிற ஆட்கள் இவர்கள். தொடர்ந்து எட்டு ஆட்டங்களில் ஒரு கோல்கூட வாங்காமல் வந்த ஆர்சனலின் வலையில் முதல் பந்தைப் போட்டவர், அதே ஆர்சனலின் இளையோர் அணியில் வளர்ந்த டான் பல்லார்ட். இந்திய நேரப்படி நள்ளிரவு தாண்டி முடிந்த அந்த ஆட்டத்துக்குப் பிறகு எனக்குத் தூக்கமே வரவில்லை.

இனி எனக்குள்ள கவலையையும் சொல்கிறேன். டிசம்பர் 21 அன்று மொராக்கோவில் ஆப்பிரிக்கக் கோப்பை தொடங்குகிறது. ரெய்னில்டோ, சாதிகி, மசுவாகு, தால்பி, ட்ராவோரே, அடிங்ரா, காயத்திலிருந்து மீண்டால் டியாரா என்று ஒரு பெரிய கூட்டமே தங்கள் நாட்டு அணிகளுக்காக ஆடப் போகக்கூடும். பிரீமியர் லீக்கில் இந்த அளவுக்கு இழப்பைச் சந்திக்கப்போகும் அணி வேறு எது? பெஞ்சின் பலத்தால் புள்ளி எடுத்த அணியிடமிருந்து பெஞ்சையே பறித்தால் என்ன ஆகும்? கடைசி நிமிடத்தில் வந்த புள்ளிகள் அந்த வாரங்களில் வராது. நான்காவது இடம் கைநழுவும் என்று நான் சொல்வது இதனால்தான்.

ஆனால் யார் போகவில்லை என்பதையும் எண்ணுங்கள். பிரென்ட்ஃபோர்டின் பெனால்டியைத் தடுத்த கோல்கீப்பர் ரூஃப்ஸ் இருக்கிறார். பல்லார்ட், அல்டெரெட்டே, முகியெலே இருக்கிறார்கள். லெ ஃபே, புரோபி, இசிடோர் இருக்கிறார்கள். எல்லோருக்கும் நடுவில் கிரானிட் ஸாக்கா இருக்கிறார். அணியின் முதுகெலும்பு அப்படியே நிற்கிறது.

ஸாக்காவைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டும். 33 வயது. 2023-24ல் ஒரு ஆட்டத்தில்கூடத் தோற்காமல் ஜெர்மன் லீக்கை வென்ற லெவர்குசனின் நடுக்களம் அவர்தான். அப்படிப்பட்டவர் புதிதாக மேலே வந்த ஒரு அணிக்கு வந்து கேப்டன் பட்டையைக் கட்டிக்கொண்டு, தன்னைவிடப் பத்து வயதுக்கு மேல் இளைய பையன்களுக்குக் கைகாட்டி இடம் சொல்லிக்கொண்டே ஓடுகிறார். எவர்ட்டனிடம் ஒரு கோல் பின்தங்கியிருந்தபோது, இடைவேளை முடிந்த கையோடு சமன் செய்த கோலும் அவருடையதுதான். கோடையில் 100 மில்லியன் பவுண்டுக்கு மேல் செலவழித்தார்கள் என்று குறை சொல்பவர்கள் உண்டு. செலவழித்துவிட்டுக் கீழே போன அணிகளும் நிறைய இருக்கின்றன. தோற்கும்போது பதறாத ஒருவரை நடுவில் வைத்துவிட்டு மற்றவர்களை வாங்கினார்கள் பாருங்கள், அதைத்தான் நான் பாராட்டுகிறேன்.

யாரும் எதிர்பாராமல் லீக்கையே வென்ற லெஸ்டரின் 2015-16 பற்றி யாரும் இங்கே பேச வேண்டாம். அது வேறு கதை. அதை இவர்கள் தலையில் ஏற்றுவது அநியாயம். ஒப்பிட வேண்டுமானால் சண்டர்லேண்டின் சொந்த வரலாறே போதும். 1999-2000ல் இப்படித்தான் மேலே வந்த முதல் பருவத்திலேயே, ஆண்டு முடிவில் முதல் சில இடங்களில் இருந்தார்கள். பிறகு வேகம் குறைந்தது. ஆனாலும் கவிழவில்லை, ஏழாவதாக முடித்தார்கள். கெவின் ஃபிலிப்ஸ் மட்டும் 30 கோல்கள். அடுத்த பருவத்திலும் அதே ஏழாவது இடம்.

2017ல் முதல் பிரிவிலிருந்து விழுந்து, அடுத்த ஆண்டே மூன்றாம் பிரிவுக்குப் போய், அங்கே நான்கு பருவங்கள் கிடந்த ஊர் அது. பழைய நிலக்கரிச் சுரங்கம் இருந்த இடத்தில் கட்டிய அந்த மைதானத்துக்கு அப்போதும் கூட்டம் வந்துகொண்டேதான் இருந்தது. அவர்களுக்கு ஏழாவது இடம் கிடைத்தாலே போதும் என்று எனக்குத் தோன்றுகிறது. எட்டு, ஒன்பது என்றாலும் கொண்டாடலாம்.

டிசம்பர் தொடக்கத்தில் லிவர்பூல், மான்செஸ்டர் சிட்டி இரண்டையும் அவர்கள் மைதானத்தில் சந்திக்க வேண்டும். 14ஆம் தேதி சொந்த மண்ணில் பக்கத்து ஊர்ப் பரம எதிரி நியூகாசில். இரு அணிகளும் லீக்கில் மோதிக்கொள்வது 2016க்குப் பிறகு இதுவே முதல் முறை. இந்த மூன்றிலும் தோற்றால்கூட நான் மேலே சொன்னதிலிருந்து பின்வாங்க மாட்டேன். ஸாக்காவோ பல்லார்டோ நீண்ட நாள் காயத்தில் படுத்தால் மட்டும், வாருங்கள், மறுபடியும் பேசலாம்.