ரிங் கொக்கி எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது?

"ஏனுங்க, நம்ம கோயமுத்தூருக்கு எங்கீங்க நிலநடுக்கமெல்லாம் வரப்போகுது?" வீடு கட்டும் சைட்டில், பில்லர் கம்பியைச் சுற்றிக் கட்டும் ரிங் பற்றிப் பேச்செடுத்தால் வரும் முதல் பதில் இதுதான். 1900 பிப்ரவரி 8 அன்று வந்தது. அளவு ஏறத்தாழ 6. நிலநடுக்கத்துக்கான இந்தியத் தர விதி ஐஎஸ் 1893-இன் 2016 பதிப்பில் கோவையும் சேலமும் மூன்றாம் மண்டலம், அதாவது மிதமான ஆபத்துள்ள பகுதி.

துருக்கி அளவுக்கு இங்கே வராது, சரி. அங்கே இருப்பது கிழக்கு அனத்தோலியப் பிளவு. இரண்டு நிலத்தட்டுகள் பக்கவாட்டில் உரசி நகரும் எல்லை. 2023 பிப்ரவரி 6 அதிகாலை 4.17-க்கு முந்நூறு கிலோமீட்டருக்கு மேல் கிழிந்தது, அளவு 7.8. குறுக்கே போன ரோடும் தண்டவாளமும் மீட்டர் கணக்கில் விலகின. நம்ம காட்டு வேலி நடுவில் அறுந்து, மறுபாதி பக்கத்துக்காரர் காட்டுக்குள் போய் நிற்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். ஆனால் இந்த மாதிரி பெரிய தட்டு எல்லை எதுவும் இல்லாத மகாராஷ்டிராவின் லாத்தூரில் 1993-இல் வந்தது வெறும் 6.2. செத்தவர்கள் பத்தாயிரம் பேர் அளவுக்கு.

துருக்கியில் மட்டும் 53,000 பேருக்கு மேல் போனார்கள். சிலாப் மேல் சிலாப் படுத்துத்தான் பெரும்பாலான சாவு. 1999 இஸ்மித் நிலநடுக்கத்துக்குப் பிறகு அங்கே விதிகள் நல்லாவே இறுகியிருந்தன. ஆனால் 2018-இல் பணம் கட்டினால் விதிமீறிய கட்டடத்துக்கும் மன்னிப்பு என்றார்கள். நம்மூர்க்காரர்களுக்கு 'வரன்முறை' என்று சொன்னால் சட்டெனப் புரியும்.

இப்போது ரிங்குக்கு வருகிறேன். பில்லரின் மெயின் கம்பியைச் சுற்றிக் கட்டும் 8 எம்எம் ரிங்கின் இரண்டு முனையையும் நம்மூரில் பல இடத்தில் 90 டிகிரியில் 'எல்' மாதிரி மடித்துவிடுகிறார்கள். ஆட்டத்தில் முதலில் உதிர்வது வெளிக் கவர் கான்கிரீட். அது உதிர்ந்ததும் 'எல்' முனைக்குப் பிடிப்பு கிடையாது. ரிங் வாய் திறக்கும், உள்ளே இருக்கும் கான்கிரீட் கொட்டும், மெயின் கம்பி வெளியே பிதுங்கும். பில்லர் அவ்வளவுதான். நிலநடுக்கம் தாங்கக் கம்பி கட்டும் முறைக்கான இந்திய விதி ஐஎஸ் 13920 கேட்பது 135 டிகிரி: முனை பில்லரின் வயிற்றைப் பார்த்துத் திரும்பி, வளைவுக்குப் பிறகு 65 எம்எம் நேராகப் போக வேண்டும்.

இடைவெளியிலும் கோட்டை விடுகிறோம். மேலிருந்து கீழ்வரை ஒரே சீராக 6 அங்குலம் என்பது பழக்கம். 300 எம்எம் பில்லர், 16 எம்எம் கம்பி, பத்தடி உயரம் என்றால், மேலும் கீழும் 500 எம்எம் தூரத்துக்கு 75 எம்எம்முக்கு ஒரு ரிங் வர வேண்டும். நடுவில் 150 போதும். ஒரு பில்லருக்குக் கூடுவது ஏழு ரிங். டைல்ஸுக்குக் கேள்வி கேட்காமல் கொடுப்பவர்கள் இந்த ஏழுக்குப் பேரம் பேசுவதுதான் எனக்கு விளங்கவில்லை. 9 அங்குலப் பில்லரோ இந்த விதிக்குள்ளேயே வராது. குறைந்தது 300 எம்எம்.

கீழே கார் பார்க்கிங், மேலே நாலு மாடி முழுக்கச் சுவர் என்றால் ஆட்டம் மொத்தமும் அந்தக் கீழ்ப் பில்லர்கள் தலையில்தான். அங்கே மேஸ்திரி கணக்கு உதவாது, ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் கணக்குப் போட வேண்டும்.

அதிகம் விட்டுப்போவது பீமும் பில்லரும் சேரும் மூட்டு. நாலு பக்கமும் பீம் கம்பி வந்து அடைத்த பிறகு கை நுழையாது, 'அங்க எதுக்குங்க ரிங்' என்று விட்டுவிடுவார்கள். பீம் கம்பி பரப்பும் முன்பே மூட்டுக்கான ரிங்கைப் பில்லர் கம்பியில் கோத்து வைத்துவிடச் சொல்லுங்கள். கான்கிரீட் ஊற்றப் பலகைப் பெட்டி அடிப்பதற்கு முந்தின சாயங்காலம் டேப்போடு போய் எண்ணிப் பாருங்கள்.