மணப்பாட்டுப் பாறையையும் காப்பாற்ற வேண்டும்

போன மாதம் கேரளத்து வர்க்கலா போயிருந்தேன். கடலோரமாகச் செங்குத்தாக நிற்கும் அந்தச் செம்மண் குன்றை இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை தேசியப் புவியியல் நினைவுச் சின்னமாக அறிவித்திருக்கிறது. குன்றின் அடியில் நல்ல தண்ணீர் ஊற்று கசிகிறது. கடற்கரையின் பெயர் பாபநாசம்! தாமிரபரணிக் கரையிலும் ஒரு பாபநாசம் உண்டு, அந்தப் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்லவா வேண்டும். ஆனால் அங்கே நிற்கும்போது என் மனசெல்லாம் தூத்துக்குடி மாவட்டத்துக் கடற்கரை ஊரான மணப்பாட்டில்தான் இருந்தது.

அம்மா ஊர் பக்கத்திலுள்ள குலசை (குலசேகரன்பட்டினம்). சின்ன வயதில் லீவுக்குப் போனால் மணப்பாடு போகாமல் திரும்ப மாட்டோம். கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் அந்த மேட்டில் 1581-இல் கட்டிய திருச்சிலுவைக் கோயில் இருக்கிறது, கடலைப் பார்த்தபடி சவேரியார் தங்கிய குகை இருக்கிறது. இதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். அவற்றைத் தாங்கி நிற்கும் பாறையைப் பற்றித்தான் யாரும் பேசுவதில்லை.

அதைப் பற்றி எனக்கு முதலில் சொன்னவர் அங்கே வலை பின்னிக்கொண்டிருந்த ஒரு பெரியவர். “தம்பி, இத கல்லுன்னு நெனைக்காதீங்க. மணலுதான். தேச்சுப் பாருங்க, கையோட வரும்.” தேய்த்தேன், வந்தது. கடல் மணலும் சிப்பித் தூளும் சுண்ணாம்புச் சத்தால் இறுகிப் பல்லாயிரம் வருடத்தில் கெட்டியான மணற்பாறை அது. திருச்செந்தூரில் வள்ளி குகையைக் குடைந்திருப்பதும் இப்படி ஒரு மணற்பாறையில்தான். அங்கே கடல் பக்கத்திலேயே இருந்தும் நாழிக்கிணற்றுத் தண்ணீர் இனிக்கிறதே, அதற்கும் காரணம் இருக்கிறது. மழைத்தண்ணீர் மணலுக்குள் இறங்கி, உப்புத் தண்ணீரைவிட லேசானது என்பதால் அதன் மேலேயே தங்கிவிடுகிறது.

ஆனால் கையோடு வரும் பாறையை அலை விட்டுவைக்குமா? அடியில் அரித்துக் குடைகிறது. மேலே பாரம் ஏற ஏற விளிம்பு உடைந்து விழும். இத்தனை நூற்றாண்டு அந்த மேட்டைக் காப்பாற்றியது ஊர்க்காரர்களின் பக்திதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன். இனி அது மட்டும் போதாது. திருச்செந்தூர்க் கோயில் முன்னால் கடல் எப்படிக் கரையைத் தின்கிறது என்று பார்த்தோமே.

மன்னார் வளைகுடா உயிர்க்கோளக் காப்பகம் 1989-இல் வந்தது. பங்குனி ஆமை முட்டையிட ஏறும் கரை இது. கருமேனியாறு கடலில் சேரும் இடத்தில், மணல் திட்டை ஒட்டி ஆலா என்னும் கடற்பறவைகள் கூட்டமாக உட்கார்ந்திருக்கும். கடலோர ஒழுங்குமுறை அறிவிக்கையில் மணற்குன்றுக்கும் ஆமைக் கரைக்கும் முதல் வகைப் பாதுகாப்பு உண்டு. பாறையைத் தனியாகப் பெயர் சொல்லிக் காக்கத்தான் ஆள் இல்லை. வர்க்கலாவுக்குக் கொடுத்த அறிவிப்பை மணப்பாட்டுக்கும் கொடுக்க வேண்டும், விளிம்பில் புதுக் கட்டடம் கூடாது, பாறையில் பெயர் செதுக்குவதை நிறுத்த வேண்டும். அரசுக்கு மனு எழுதிக்கொண்டிருக்கிறேன்.

ஒரு உதவி வேண்டும். மணப்பாட்டுத் திருச்சிலுவைக் கோயிலின் செப்டம்பர் 14 திருவிழாவுக்குப் போனபோது குடும்பத்தோடு எடுத்த பழைய போட்டோ யாரிடமாவது இருக்கும். பின்னால் பாறை விளிம்பு தெரிந்தால் போதும், எடுத்த வருடத்தைப் போட்டு அனுப்புங்கள். எவ்வளவு பாறை போயிருக்கிறது என்று அதை வைத்துத்தான் காட்ட முடியும்.