ஒன்றரை மடங்கு வேகத்துல பாத்துட்டு தீர்ப்பு சொல்லாதீங்கய்யா

"அண்ணே, நீங்க சொன்னீங்களேன்னு பாலு மகேந்திரா எடுத்த 'வீடு' பாத்தேன். படத்துல ஒண்ணுமே நடக்கலையே, இதைப் போயி கிளாசிக்னு சொல்றீங்க?"

சித்தப்பா மகன் சோத்தைப் பிசைஞ்சுக்கிட்டே கேக்குறான். எப்படிடா பாத்தேன்னா, ஃபோன்லயாம். ஒன்றரை மடங்கு வேகத்துலயாம். போரடிச்ச இடத்தையெல்லாம் தள்ளிவிட்டானாம். எதைடா தள்ளுன? "அந்தத் தாத்தா சும்மா சுவரைத் தடவிக்கிட்டு நிக்கிறாரே, அதை."

எனக்குச் சோறு இறங்கலை. அதுதான்டா படமே! பேத்தி நகையை வித்து, கடன் வாங்கி, ஆபீசு ஆபீசா அலைஞ்சு, சிமெண்டைத் திருடுற காண்ட்ராக்டர்கிட்ட மல்லுக்கட்டி எழுப்புன சுவர் அது. பாதி கட்டுன அந்த வீட்டைப் பாக்க அந்தத் தாத்தா, சொக்கலிங்க பாகவதர், வர்றாரு. வாயத் தொறந்து ஒரு வார்த்தை பேசலை. கை மட்டும் சுவர் மேல போகுது. அதுக்கப்புறம் அந்த மனுசன் இல்லை. வாழ்நாள் பூரா வாடகை வீட்டுல கிடந்த ஒவ்வொரு குடும்பத்தோட ஏக்கமும் அந்தக் கையில இருக்கு. அதைத் தள்ளிவிட்டுட்டு ஒண்ணுமே நடக்கலையாம்! படத்துல வர்ற இளையராஜாவோட 'ஹவ் டு நேம் இட்' ஆல்பம் இசையையும் சேத்து ஒன்றரை மடங்குல ஓட்டிருக்கான், பாவி.

அடுத்த கேள்வி வந்துச்சு பாருங்க. "சரி, எத்தனை நாள் ஓடுச்சு?"

1954-ல வந்த 'அந்த நாள்' கூடத்தான் ஓடலை. பாட்டு இல்லை, சண்டை இல்லை, படம் ஆரம்பிச்சதுமே சிவாஜி செத்துக் கிடப்பாரு. அன்னிக்கு ஜனம் ஏத்துக்கலை. அன்னிக்கு ஓஹோன்னு ஓடுன எத்தனையோ படத்துக்கு இன்னிக்குப் பேரு கூட யாருக்கும் தெரியாது, இதை இன்னும் பேசுறோம். நாள் கணக்கு தியேட்டர்காரருக்கு வேணும், நமக்கு எதுக்கு?

முழுசா உக்காந்து பாத்துட்டு "எனக்கு 'நாயகன்'தான் பெருசு"ன்னு சொல்லு, விடிய விடிய பேசலாம். பாக்காமலே தீர்ப்பு சொல்றதைத்தான் தாங்க முடியலை.

இதுல வயிறு எரியிற விசயம் வேற ஒண்ணு. தான் எடுத்த 'வீடு', 'சந்தியா ராகம்' ரெண்டுக்கும் நெகட்டிவே, அதான் மூலப் படச்சுருளே, இல்லைன்னு பாலு மகேந்திரா வாய்விட்டுப் புலம்புனாரு. தமிழ்ப் படங்களைப் பாதுகாக்க ஒரு காப்பகம் வேணும்னு கேட்டுக்கிட்டே 2014-ல போயும் சேந்துட்டாரு. புனேயில 1964-லயே தேசியத் திரைப்படக் காப்பகம் வந்தாச்சு. ஊரெல்லாம் தலைவருக்குக் கட்-அவுட் வைக்கக் காசு இருந்துச்சு, தேசிய விருது வாங்குன படத்தோட ஒரு நெகட்டிவைக் குளிர்பெட்டியில வைக்க ஒருத்தனுக்கும் தோணலை!