இணையம் வரவில்லையா? இணையத்தில் தேடிப் பாருங்களாம்!

“உங்கள் நெட்வொர்க் நிர்வாகியைத் தொடர்புகொள்ளவும்.” திரையில் இந்த வரியைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ரத்தம் கொதிக்கிறது. யாரய்யா அந்த நிர்வாகி? வீட்டில் இருப்பது ஒரு கணினி, ஒரு ரவுட்டர், அப்புறம் நான். என்னை நானே கூப்பிட்டு என்ன கேட்பது?

கோளாறு வருவதில் எனக்குக் கோபம் இல்லை. கம்பி அறும், மின்சாரம் போய்வரும், பெட்டி சூடாகி மண்டையைப் போடும். எல்லாம் நடக்கிறதுதான். ஆனால் எங்கே இடிக்கிறது என்று தெரிந்துகொண்டே வாயைத் திறக்காமல் இருக்கிறதே இந்தக் கணினி, அதைத்தான் தாங்க முடியவில்லை.

ஆமாம், அதற்குத் தெரியும். இணையத்தில் சேர்வது படிப்படியாக நடக்கிற வேலை. முதலில் வைஃபையிலோ கேபிளிலோ ரவுட்டரைப் பிடிக்க வேண்டும். பிறகு ரவுட்டரிடம் ஓர் ஐபி முகவரி, அதாவது கணினியை அடையாளம் காட்டும் எண், வாங்க வேண்டும். ரவுட்டருக்கு வெளியுலகத்துக்குப் போக வழி இருக்க வேண்டும். கடைசியாக, தளத்தின் பெயரைச் சொன்னால் அதற்குரிய எண்ணைத் தேடித் தருகிற டிஎன்எஸ் பதில் சொல்ல வேண்டும். எந்தப் படியில் சறுக்கியது என்பது கணினிக்குப் பெரும்பாலும் தெரிந்தே இருக்கிறது. நமக்குக் காட்டுவதோ மூலையில் ஒரு பூகோள உருண்டை. அதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய, சுற்றி விளையாடவா?

ஒன்று சொல்கிறேன். ரவுட்டரிடமிருந்து முகவரி கிடைக்காவிட்டால், விண்டோஸ் தானாகவே 169.254 என்று தொடங்கும் ஒரு முகவரியை எடுத்து மாட்டிக்கொள்ளும். அந்த எண்ணைப் பார்த்தாலே விவரம் தெரிந்தவர்களுக்குக் கதை புரிந்துவிடும். “ரவுட்டரிடம் முகவரி கேட்டேன், கிடைக்கவில்லை” என்று ஒரே ஒரு வரி எழுதினால் குறைந்தா போய்விடும்? அந்த எண்ணைப் பார்க்க நான் கட்டளை தட்டும் கறுப்புத் திரையைத் திறந்து ஐபிகான்ஃபிக் என்று தட்ட வேண்டுமாம். அது என்னவென்று கூடத் தெரியாதவர்கள் வீட்டில் கணினி வைத்திருக்கக் கூடாதா?

இதைவிடக் கூத்து ஒன்று உண்டு. ‘இணையம் இருக்கிறது’ என்று விண்டோஸ் எப்படி முடிவு செய்கிறது தெரியுமா? மைக்ரோசாஃப்டின் சர்வர் ஒன்றிலிருந்து ‘மைக்ரோசாஃப்ட் கனெக்ட் டெஸ்ட்’ என்ற மூன்று சொற்கள் மட்டும் உள்ள ஒரு குட்டிக் கோப்பை எடுத்துப் பார்க்கிறது. வந்தால் இணையம் உண்டு, வராவிட்டால் இல்லை. இணைப்பை வேறு வழியில் சுற்றிவிடும் விபிஎன்னோ, வேண்டாததைத் தடுக்கும் ஃபயர்வாலோ அந்தக் கோப்பை மட்டும் மறித்துவிட்டால், வீடியோ பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும், கீழே ‘இணையம் இல்லை’ என்று எழுதியிருக்கும்.

சரி, சிக்கலைக் கண்டறியும் கருவி என்று ஒன்று வைத்திருக்கிறார்களே, அதைத் தட்டலாம் என்றால், கோடு ஓடுகிறது, ஓடுகிறது, கடைசியில் “சிக்கலைக் கண்டறிய முடியவில்லை” என்கிறது. கீழே உதவிக்கு ஓர் இணைப்பு. தட்டினால் உலாவி திறக்கிறது. உலாவியில், இணையம் இல்லாதபோது வரும் குரோமின் டைனோசர் நிற்கிறது. நடு ஆற்றில் தத்தளிப்பவனிடம் ‘கரைக்கு வா, நீச்சல் சொல்லித் தருகிறேன்’ என்பது போல, இணையம் இல்லாதவனுக்கான உதவியைக் கொண்டுபோய் இணையத்தில் வைத்திருக்கிறார்கள். வைஃபையை இயக்கும் மென்பொருளான டிரைவர் போய்விட்டால் அதைத் தரவிறக்க வேண்டியதும் அதே இணையத்திலிருந்துதான்.

இணைப்பு தருகிறவர்களின் உதவி எண்ணுக்குப் போன் செய்தால் பதிவு செய்த குரல் வருகிறது: “விரைவான சேவைக்கு எங்கள் இணையதளத்துக்கு வாருங்கள்.” வந்துவிட்டால் நான் எதற்கம்மா உங்களைக் கூப்பிடப் போகிறேன்? காத்திருந்து ஒரு மனிதக் குரல் கிடைத்ததும் முதல் வாக்கியம், “ரவுட்டரை அணைத்துப் போட்டீர்களா?” போட்டேன். “கணினியை?” அதையும் போட்டேன். “இன்னொரு முறை போடுங்கள்.” அதே வைஃபையில் போன் நன்றாக வேலை செய்கிறது என்று சொல்கிறேன், காதில் வாங்கினால்தானே! அவர்களைத் திட்டியும் பயனில்லை, கையில் இருக்கும் தாளை வரி பிசகாமல் படித்தால்தான் அவர்களுக்கு வேலை. தாளை எழுதியவன் கிடைத்தால் சொல்லுங்கள்.

இந்த ‘அணைத்துப் போடு’ வைத்தியத்தின் மேல்தான் எனக்குப் பெருங்கோபம். அது பல சமயம் வேலை செய்துவிடுகிறது, அதுதான் வினை. கோளாறு மறைகிறது, கூடவே தடயமும் மறைகிறது. “பார்த்தீர்களா, வந்துவிட்டது” என்று போனை வைத்துவிடுகிறார்கள். மறுநாள் காலை பழைய குருடி கதவைத் திறடி. சொந்தக்காரர்கள் வேறு, கேட்காமலேயே “வைரஸாக இருக்கும், ஃபார்மேட் பண்ணிவிடு” என்று தீர்ப்பு எழுதுகிறார்கள்.

தெளிவாகச் சொல்ல முடியாதா என்றால், முடியும். கணினியின் முதன்மைப் பலகையான மதர்போர்டில் கடிகாரத்தை ஓடவைக்கும் பொத்தான் பேட்டரி தீர்ந்து கணினியின் தேதி பின்னால் போய்விட்டால், தேதி பார்த்துச் சரிபார்க்கப்படும் தளங்களின் பாதுகாப்புச் சான்றிதழ்கள் செல்லாமல் போய்ப் பெரும்பாலான தளங்கள் திறக்காது. அப்போது குரோம் “உங்கள் கடிகாரம் பின்தங்கியிருக்கிறது” என்று நேராகவே சொல்லிவிடும். அப்பாடா! ஒரு வரி, நாமே தேதியை மாற்றிக்கொள்ளலாம். இந்த மரியாதையை மற்றக் கோளாறுகளுக்கும் காட்டினால் என்ன?

என் வீட்டுக் கோளாறு என்ன தெரியுமா? கணினி உறங்கி எழுந்தால் மட்டும் வைஃபை வரவில்லை. கணினியின் பாகங்களைப் பட்டியலிடும் டிவைஸ் மேனேஜரைத் திறந்து, வைஃபையைப் பிடிக்கும் பாகமான அடாப்டரின் பண்புகளுக்குப் போய், மின்சார நிர்வாகம் என்ற பக்கத்தைப் பார்த்தால், “மின்சாரத்தைச் சேமிக்க இந்தச் சாதனத்தை அணைக்கக் கணினியை அனுமதி” என்ற வரிக்குப் பக்கத்தில் ஒரு டிக். சுவரில் செருகி, நாள் முழுக்க மின்சாரம் குடித்துக்கொண்டிருக்கும் மேசைக் கணினிக்கு என்ன சேமிப்பு வேண்டிக்கிடக்கிறது? அடாப்டரைத் தூங்கவைத்ததும் இதுவே, எழுப்பத் தெரியாமல் விழித்ததும் இதுவே, பிறகு காரணம் தெரியவில்லை என்று என்னிடம் கைவிரித்ததும் இதுவே!

டிக்கை எடுத்துவிட்டேன், இப்போது ஒழுங்காக வருகிறது. டிரைவர் அப்டேட் ஏதாவது வந்து அந்த டிக்கை மறுபடி போட்டு வைக்கலாம். போட்டால் அதையும் எனக்குச் சொல்லப் போவதில்லை.